டைனமோவைக் கழற்றிய நாள்

பக்கவாதத்தில் வலது கை விழுந்த பிறகும் என் கணவர் காலையில் காரைத் துடைப்பதை விடவில்லை. இடது கையால் துடைப்பார். எங்கள் இருவரையும்விட வயதான கார் அது. வாங்கியபோது எப்படி இருந்ததோ அப்படியே வைத்திருந்தார். வாரந்தோறும் அவரைச் சிகிச்சைக்குக் கொல்லிமலையிலிருந்து நாமக்கல்லுக்கு அழைத்துப்போக வேண்டி, நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

ஐப்பசி மழையில் ஒரு மாலை மலையேறிக்கொண்டிருந்தோம். கொண்டை ஊசி வளைவில் எதிரே வந்த லாரிக்கு வழிவிட்டு நின்றேன். விளக்கு மங்கியது. வைப்பர் கண்ணாடியின் பாதியிலேயே நின்றுவிட்டது. இன்ஜின் மெதுவாக ஓடும்போது பழைய டைனமோவால் போதிய மின்சாரம் கொடுக்க முடியாது. லாரிக்காரர் எங்களைப் பார்க்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

வீட்டுக்கு வந்ததும், "ஏனுங்க, டைனமோவ எடுத்துப்போட்டு ஆல்டர்னேட்டர் மாத்தீரலாமுங்க. மெதுவா ஓடுனாலும் அது கரண்டு குடுக்குமுங்க" என்றேன்.

"அதுல ஆரும் கைய வெக்கக்கூடாது" என்றார். வார்த்தை குழறியது, கோபம் குழறவில்லை.

அடுத்த வாரம் இறங்கும்போது காளப்பநாயக்கன்பட்டிப் பட்டறை முன்னால் காரை நிறுத்தினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"காரு உங்குளுதுதானுங்க. ஓட்டறது நானுங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க."

அவர் தடியை ஊன்றி இறங்கிப் போய், பானெட்டை அவரே திறந்துவிட்டார். டைனமோவைக் கழற்றும்போது மட்டும் தெருப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இத எங்க வெக்கறதுங்கண்ணா?" என்று மெக்கானிக் கேட்டார்.

"எம்மடில வையி."

ஆல்டர்னேட்டரைப் பூட்டிக்கொண்டு நாமக்கல் போய்த் திரும்பும்போதும், எண்ணெய்க் கறை படிந்த அதை வேட்டியில் வைத்துக்கொண்டே வந்தார். அன்றும் மழை, பனிமூட்டம். பாதி வழியில், "ஏம்புள்ள, நிறுத்து" என்றார்.

அகலமான இடமாகப் பார்த்து ஓரங்கட்டினேன். என்னை இறங்கச் சொல்லி, ஓட்டுநர் இருக்கையில் தட்டுத்தடுமாறி உட்கார்ந்தார். நோய் வந்த பிறகு அங்கே அவர் உட்கார்ந்தது அதுவே முதல் முறை. இன்ஜின் ஓடியபடி இருக்க, விளக்கைப் போட்டார். வைப்பரைப் போட்டார். ஹாரன் அடித்தார். எதுவும் மங்கவில்லை, எதுவும் நிற்கவில்லை. நான் குடையோடு நனைந்துகொண்டு, போதும் என்று சொல்ல மனமில்லாமல் நின்றேன்.

இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் பானெட்டைத் திறந்து காட்டுகிறார்.

"நாந்தானுங்க மாத்தச் சொன்னேன். பாவம், அவ பயந்துக்கறா."

நான் காபி போட உள்ளே போய்விடுகிறேன்.