அறுப்புப் பண்டிகையில் நான் தப்பாகப் பாடிய பாட்டு

என் அக்கா சலோமியைக் குளவி கொட்டியது போன வருஷம் மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. அம்மாவும் அவளும் பக்கத்துப் பக்கத்து நிரையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். செடிக்கு அடியில் இருந்த கூடு கலைந்துவிட்டது. அக்கா தன் இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்து அம்மாவை மூடி, மேலே படுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே போய்விட்டாள். இருபத்தாறு வயது.

றொசல்லைக்கு மேலே எங்கள் தோட்டத்து ஆலயம் சின்னது. பாஸ்டர் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் அம்மாவின் பாட்டுத்தான் ஆராதனை. பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது, ஆனால் பாட்டுப் புத்தகம் முழுக்க மனப்பாடம். அவர் ஒவ்வொரு அடியாக எடுத்துக் கொடுக்க, சபை திருப்பிப் பாடும்.

நான் டோலக் அடிப்பேன். வேண்டுமென்றே வேகமாக அடித்து அம்மாவுக்கு மூச்சு வாங்க வைப்பேன்.

"டேய், ஆண்டவருக்குப் பாடுறமா, ரயிலப் புடிக்க ஓடுறமா?"

"ஒங்க தொண்டைக்கு ரயிலே நின்னுரும்மா!"

அக்கா என் காதைத் திருகுவாள்.

அடக்கத்தன்று அம்மா பாடவில்லை. அதற்குப் பிறகும் பாடவில்லை. கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார். வேறு யாராவது தொடங்கினால் இரண்டாவது அடியிலேயே பாட்டு நின்றுவிடும். வீட்டில் எனக்கு ரொட்டி சுட்டு வைத்துவிட்டு, அவர் வெறும் தேத்தண்ணி குடிப்பார். கையில் வளையல் நிற்கவில்லை, அப்படி இளைத்துவிட்டார். ஒருநாள் கெஞ்சினேன்.

"ஒரே ஒரு பாட்டு பாடுங்கம்மா."

"அவ என்னைய மூடிட்டுச் செத்தாடா. நான் வாயத் தொறந்து என்னத்தப் பாடுறது?"

எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பவன் நான். அன்று வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டேன். எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனவன், வாளி நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் ஜெபித்தேன். "ஆண்டவரே, அக்காவத் திருப்பிக் கேக்கல. அம்மாவையும் எடுத்துக்காதீங்க. அவங்க வாயத் தொறக்கணும்." தினமும் இதே ஜெபம். ஏழு மாதம் ஒன்றும் நடக்கவில்லை.

விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்புப் பண்டிகை வந்தது. பீடத்துக்கு முன்னால் கரட்டும் லீக்ஸும் பூசணியும் குவிந்திருந்தன. பாட யாரும் எழும்பவில்லை.

"தம்பி, நீயாச்சும் ஆரம்பி," என்றார் பாஸ்டர்.

ஏழாம் வகுப்போடு நின்றவன் நான். புத்தகத்தை விரித்து எழுத்துக் கூட்டினேன். எங்களிடம் ஒரு நன்றிப் பாட்டும் ஓர் அடக்கப் பாட்டும் ஒரே ராகம். முதல் அடி நன்றியாகத்தான் வந்தது. இரண்டாவது அடியில் வாய் தானாகக் கல்லறைக்குப் போய்விட்டது. அக்காவின் பெட்டியை இறக்கும்போது பாடிய அடி. யாரோ விம்மியபோதுதான் எனக்கே தெரிந்தது. நிறுத்தவும் முடியவில்லை, தொடரவும் முடியவில்லை.

கடைசி வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது. கரகரத்து, பாதியில் உடைந்து. அம்மா. அந்த அடக்கப் பாட்டின் அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தார். சபை அழுதுகொண்டே திருப்பிப் பாடியது. நான்கு சரணம். மகளை அடக்கம் பண்ணிய அன்று பாடாததை எல்லாம் அன்றுதான் பாடினார். முடிந்ததும் நிறுத்தவில்லை. அதே ராகத்திலேயே நன்றிப் பாட்டுக்கு வந்தார்.

வெளியே வந்ததும் என் முதுகில் ஓர் அடி.

"பண்டிக நாள்ல எழவுப் பாட்டாடா பாடுவ, மடையா?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பசிக்குது. என்னா சமைச்சிருக்காங்க?"

நான் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதேன்.

அம்மா இன்னும் அழுகிறார். செவ்வாய்க்கிழமை என்றால் யாரோடும் பேசமாட்டார். அக்கா இல்லாத குறை இல்லாத குறைதான். ஆனால் சாப்பிடுகிறார், ஞாயிறன்று முன்னால் நிற்கிறார். பாட்டு என்றால் எனக்கு முன்பு விளையாட்டு. இப்போது டோலக்கைத் தொடும் முன்பு ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன்.

உங்கள் வீட்டிலும் துக்கத்தில் வாயடைத்துப்போன ஒருவர் இருக்கலாம். நல்ல குரல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். தப்பாகவாவது ஓர் அடி பாடுங்கள். என் ஆண்டவர் அதையும் ஜெபமாகவே கேட்டார்.