ஸெவெரின் கவூஷ்காவின் கல்லறையில் ஸெவெரின் கவூஷ்கா

நவம்பர் முதல் தேதி, புனிதர் அனைவர் திருநாள். மதியம் சாமந்தித் தொட்டியை நெஞ்சோடு அணைத்தபடி ஸெவெரின் கவூஷ்கா தன் கல்லறையை நோக்கி நடந்துகொண்டிருந்தார். பதினான்காம் வரிசையில் திரும்பியதும் கால் நின்றுவிட்டது. கல்லறையைச் சுற்றி முன்பின் தெரியாத பத்துப் பன்னிரண்டு பேர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார்கள்.

தன் கல்லறை என்றால் அவருடைய அப்பாவும் அம்மாவும் கிடக்கிற குடும்பக் கல்லறை. மூன்று வருஷத்துக்கு முன்பு பழைய கல் விரிசல் விட்டுப் புதுக்கல் வைத்தபோது, எழுத்தெல்லாம் ஒரே கையால் இருக்கட்டும் என்று அவர் மனைவி ஹொனோராட்டா அவர் பெயரையும் சேர்த்தே வெட்டச் சொல்லிவிட்டாள். ஊரில் பாதிப்பேர் அப்படிச் செய்கிறவர்கள்தான். பெயர், பிறந்த வருஷம், ஒரு சின்னக் கோடு, அதற்குமேல் வெறும் கல். "ஸெவெரின் கவூஷ்கா 1948 –". கல்தச்சன் "உங்க பேரு?" என்று கேட்டதற்கு, "எனக்கு ஒண்ணும் அவசரமில்லை" என்றாளாம்.

கல்லின் மேல் மூடிபோட்ட கண்ணாடி விளக்குகள் ஏழெட்டு எரிந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் பச்சை வெள்ளை நாடா. நடுவில் இருந்ததில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: "கவூஷ்கா, உன்னை மறக்கவில்லை."

பின்னால் வந்த ஹொனோராட்டா கண்ணாடியை ஏற்றிப் போட்டுக்கொண்டு அதைப் படித்தாள்.

"ஸெவெக், நீ எப்ப செத்த? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே!"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பார்வை நாடாவிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பச்சை வெள்ளையை இத்தனை கிட்டத்தில் பார்த்து இருபத்தேழு வருஷம். நகரப் பேருந்தில் பதினாறு வருஷமாக ஓட்டுநர். ஸ்பீட்வே மோட்டார் சைக்கிள் பந்தய மைதானத்தைத் தாண்டிப் போகிற நான்காம் எண் தடத்தை மட்டும் ஒருநாளும் எடுத்ததில்லை. அது தன் முறைக்கு வந்தால் யாரிடமாவது மாற்றிக்கொண்டுவிடுவார். பணிமனையில் ஒரு கேலி உண்டு: "கவூஷ்கா இடப்பக்கம் திரும்பினா வெண்ணெய், வலப்பக்கம் திரும்பினா வசவு." ஏன் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

பச்சை வெள்ளைத் துண்டு போட்ட தடித்த ஆள் ஒருவன் திரும்பிப் பார்த்தான். ரெமெக் என்று அவனைக் கூப்பிட்டார்கள்.

"வாங்கய்யா, வாங்க. சொந்தக்காரங்களா?"

"ஆமா," என்றார் ஸெவெரின். "சொந்தம்தான்."

"குடுத்துவச்சவர்யா நீங்க. எப்பேர்ப்பட்ட வீரர்!"

நாற்பது வயசு மதிக்கத்தக்க பெண் ஒருத்தி முன்னால் வந்து கைகொடுத்தாள். பெயர் இலோனா. ரசிகர் மன்றத்துக்காரி. பச்சை வெள்ளைக் கழகத்துக்காகப் பந்தயம் ஓட்டி இறந்துபோன பத்தொன்பது பேரின் பட்டியலை அவர்கள் தயாரித்திருந்தார்களாம். வருஷாவருஷம் இந்த நாளில் ஆளுக்கொரு விளக்கு. பதினெட்டுக் கல்லறை எப்போதோ அகப்பட்டுவிட்டது. பத்தொன்பதாவதைத்தான் நாலு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னைக்குத்தான் கண்ணுல பட்டுது. பாருங்கய்யா, செத்த வருஷத்தைக்கூட வெட்டாம விட்டிருக்காங்க. என்ன குடும்பமோ!"

"யாரு குடும்பத்தை?" என்று ஹொனோராட்டா ஓர் அடி முன்னால் வைத்தாள். ஸெவெரின் அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தினார்.

ஏன் அழுத்தினார் என்று அவருக்கே தெரியவில்லை. வாயைத் திறந்து, 'அம்மா, அந்த ஆள் நான்தான்' என்றால் தீர்ந்தது. சிரிப்பார்கள், முதுகில் தட்டுவார்கள். ஆனால் அந்தப் பெண் பேச ஆரம்பித்துவிட்டாள். அவருக்கு அதைக் கேட்க வேண்டும் போலிருந்தது.

"செங்கல் சூளைக்காரர் மகன். பத்தொன்பது வயசுல முதல் ஓட்டம், அதுலயே முதல் இடம். எங்கப்பா சொல்லுவார், பிரேக்கே இல்லாத வண்டியை, எப்பவும் இடப்பக்கமே திரும்புற அந்த வளைவுல சாய்க்கிறப்ப மத்தவனெல்லாம் சண்டை போடுவான், கவூஷ்கா மட்டும் வண்டிகூட நடனம் ஆடுவான்னு. எழுபத்தொண்ணுல தேசிய இளைஞர் அணிக்குக் கூப்பிட்டிருந்தாங்க. இருந்திருந்தா உலகப் போட்டி வரைக்கும் போயிருப்பார். எங்கப்பா சாகிறவரைக்கும் இதைத்தான் சொன்னார்."

ஸெவெரின் தன் கல்லைப் பார்த்தார். உயிரோடு ஐம்பது வருஷம் இருந்ததில் இப்படி ஒரு சொல் யாரும் சொன்னதில்லை.

"செத்துட்டார்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் ஹொனோராட்டா. குரலில் விளையாட்டு குறைந்திருந்தது.

இலோனா பையிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்த போட்டித் தாள் ஒன்றை எடுத்தாள். பார்வையாளர்கள் மடியில் வைத்து ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பென்சிலால் புள்ளி எழுதுவார்களே, அந்தத் தாள்தான். 1971 ஜூன், ஞாயிற்றுக்கிழமை. கட்டங்களுக்குள் பொடி எழுத்து. கவூஷ்கா பெயருக்கு நேரே இரண்டாம் ஓட்டத்தில் முதலிடத்துக்கான மூன்று, ஐந்தாம் ஓட்டத்திலும் மூன்று. ஒன்பதாம் ஓட்டத்தில், விழுந்ததைக் குறிக்கிற எழுத்து. அதன் பக்கத்தில் பின்னால் எப்போதோ வரைந்த சின்னச் சிலுவை.

"எங்கப்பா எழுதினது. மூணாவது வளைவு, மழை பெஞ்ச மண்ணு. செவப்புத் தலைக்கவசம் வேலிக்கு மேல பறந்ததைக் கண்ணால பார்த்தார். பதினொரு நாள் கழிச்சு போஸ்னான் ஆஸ்பத்திரில உயிர் போயிடுச்சு. பேப்பர்ல 'ஒரு வீரர்'னு நாலே வரி. அடுத்த வருஷம் கழகத்தையே கொஞ்ச வருஷத்துக்கு மூடிட்டாங்க, அலுவலகக் காகிதமெல்லாம் குப்பைக்குப் போச்சு. அந்த நாளுக்கு மிச்சம் இந்தத் தாள் ஒண்ணுதான்."

ஸெவெரின் குனிந்து அந்த ஒன்பதாம் ஓட்டத்துக் கட்டத்தைப் பார்த்தார். சிவப்புத் தலைக்கவசம். ஓடாமல் ஒருவன் விலகினால், மாற்றாள் அவனுடைய நிறத்தைத்தான் போட்டுக்கொள்வான். முகத்தில் கண்ணாடி, கண்ணாடி மேல் சேறு. மாற்றாளின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லுவார்கள். பார்க்கிறவன் தாளில் பழைய பெயரை அடித்துப் புதுப்பெயர் எழுதிக்கொள்ள வேண்டும். அந்த மைதானத்து ஒலிபெருக்கி மழை வந்தால் இருமத்தான் செய்யும். இலோனாவின் அப்பா பெயரை அடிக்கவில்லை.

"அந்த மாற்றாள் ஒருத்தன் இருந்தானே," என்றார் ஸெவெரின். அவர் குரல் அவருக்கே யாருடையதோ போலக் கேட்டது. "ட்ரோஸ்த். ஃபெலிக்ஸ் ட்ரோஸ்த். அவன் பட்டியல்ல இல்லையா?"

ரெமெக் மூக்கைச் சுருக்கினான்.

"ட்ரோஸ்தா? அவன் பேச்சை விடுங்கய்யா. கூட்டாளி விழுந்ததைப் பார்த்த அன்னையோட சரி, தொடை நடுங்கி ஓடிட்டான். அப்புறம் எந்தத் தாள்லயும் அவன் பேரு கிடையாது. ஜெர்மனில பியர் விக்கிறான்னு ஒரு பேச்சு. பயந்தாங்கொள்ளிக்கெல்லாம் விளக்கு வைக்க முடியுமா?"

யாரோ சிரித்தார்கள்.

ஸெவெரினுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது: செத்துப்போனவனையே இவர்கள் ஓடிப்போனவனாக ஆக்கிவைத்திருந்தார்கள். தொட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தன் கல்லின் ஓரத்திலேயே உட்கார்ந்தார்.

"ஐயா! தண்ணி, யாராவது தண்ணி குடுங்கப்பா!"

"வேண்டாம்," என்றார். "கவூஷ்கா நான்தான்."

இலோனா கல்லைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், ஹொனோராட்டாவைப் பார்த்தாள்.

"ஆமா, இவர்தான்," என்றாள் ஹொனோராட்டா. "காலைல ரெண்டு முட்டை சாப்பிட்டார். அன்னைக்கு இவருக்குக் கட்டைவிரல்ல அடி. அதனால அந்தப் பையன் போனான். வருஷா வருஷம் நாங்க லிப்யே கிராமத்துக்குப் போய் அவன் கல்லறையைக் கழுவிட்டு வர்றோம். பயந்தாங்கொள்ளியாம்! வெக்கமா இல்ல உங்களுக்கு?"

ரெமெக் துண்டைக் கழுத்திலிருந்து உருவிக் கையில் சுருட்டிக்கொண்டான்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஃபெலிக்ஸுக்கு விளக்கு கிடைத்திருக்கும். இவருக்கும் ஒன்றும் குறைந்திருக்காது. இருபத்தேழு வருஷமாக எல்லோரிடமும் நிறுத்திய இடம் அதுதான்.

"கட்டைவிரல்ல ஒண்ணுமில்ல," என்றார் ஸெவெரின்.

"என்ன?"

"ஒண்ணுமே இல்ல, ஹொனா. அஞ்சாவது ஓட்டத்துல மூணாவது வளைவுல பின்சக்கரம் வழுக்குச்சு. விழல. ஜெயிச்சேன். யாரும் கவனிக்கல. ஆனா வண்டியை விட்டு இறங்கினப்ப என் இடது கால் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி ஆடுச்சு. இரும்பு அடி போட்ட பூட்ஸு, தரையில டக்டக்டக்னு சத்தம். அது வெளிய கேட்டுடக் கூடாதுன்னு கால்மேல கால் போட்டுக்கிட்டேன். பயிற்சியாளர்கிட்ட விரல் வலிக்குதுன்னேன். ஃபெலிக்ஸ் அதுக்குள்ள கையுறை மாட்டிட்டான். 'குடுடா அந்தச் செவப்பை, உனக்கு மட்டும்தான் கை தட்டுவாங்களா?'ன்னு சிரிச்சான். நானே என் கையால அவன் தலையில மாட்டி, வாரை இழுத்துக் கட்டினேன்."

பக்கத்து வரிசையில் ஒரு குடும்பம் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது.

"குளிர் வந்தாப்போதும், கற்பூரத் தைலம் போட்டு அந்த விரலைத் தேச்சுவிடுறேனே," என்றாள் ஹொனோராட்டா மெதுவாக. "இருபத்திரண்டு வருஷமா."

அவர் அந்தக் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

இலோனா உறையிலிருந்து தாளை வெளியே எடுத்தாள். கல்லின்மேல் விளக்குகளுக்கு நடுவில் அதை விரித்தாள். கைப்பைக்குள் தேடி ஒரு பென்சிலை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

ஒன்பதாம் ஓட்டம். ஸெவெரின் தன் பெயரின் மேல் கோடு போட்டார். மேலே இருந்த நூலளவு இடத்தில், பேருந்துச் சீட்டில் எழுதுவதுபோல் நெருக்கி, "ட்ரோஸ்த்" என்று எழுதினார். சிலுவையைத் தொடவில்லை. இப்போது அது சரியான பெயருக்கு நேரே இருந்தது.

ரெமெக் குனிந்து விளக்குகளை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினான். நடுவிளக்கில் இருந்த சீட்டைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "லிப்யே எவ்வளவு தூரம்?" என்று யாரிடமோ கேட்டான். ஸெவெரின் பக்கம் அவன் பார்க்கவில்லை.

மூன்று கார்களில் புறப்பட்டார்கள். பின்இருக்கையில் ஸெவெரினும் ஹொனோராட்டாவும். நடுவில் சாமந்தித் தொட்டி. மடியில் இரண்டிரண்டு விளக்குகள் அணையாமல் எரிந்தன. ஊர் எல்லை தாண்டும்வரை அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தக் கை?" என்றாள் திடீரென்று. அவளுக்குத் தெரியாததல்ல.

அவர் வலதுகையை நீட்டினார். அந்தக் கட்டைவிரலை முதல்முதலாகப் பார்ப்பவள்போல வெகுநேரம் பார்த்தாள். அவர் கையை மடக்கவில்லை. அவளும் அதைத் தொடவில்லை.