மரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தவர்

எங்கள் வீட்டுக்கு முதன்முறையாக வந்த அந்த மனிதர், கூடத்தில் காலியாக இருந்த இருக்கைகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு, கிறிஸ்துமஸ் மரத்துக்கு முதுகைக் காட்டும் ஒரே நாற்காலியைத் தேடி உட்கார்ந்தபோதே இந்தச் சம்பந்தம் சிக்கல்தான் என்று எனக்குப் பட்டது.

அவர் என் மகள் கட்டிக்கொள்ள விரும்பும் பையனின் அப்பா. பாளையங்கோட்டைப் பக்கம் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற கிறிஸ்தவர். மனைவியோடு ரயிலேறி, புனேயில், வாகட்டில் இருக்கும் எங்கள் அடுக்ககத்துக்குப் பெண் பார்க்க வந்திருந்தார். பையனும் பெண்ணும் மகர்பட்டாவில் ஒரே அலுவலகம். வருமுன் தொலைபேசியில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருந்தார்: முதலில் பேசுவோம், கை நனைப்பதைப் பிறகு பார்த்துக்கொள்வோம். சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் சாப்பிடுவதில்லை என்ற வழக்கம் மதம் மாறியும் மாறாமல் நிற்கும் சங்கதிகளில் ஒன்று. ஆக, அவர் எங்கள் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டால் கல்யாணம். சாப்பிடாமல் எழுந்தால் மகள் அழுவாள். அவ்வளவுதான் கணக்கு.

என் தரப்பில் வேறொரு சிக்கலும் இருந்தது. அந்தச் சமயத்தில் நான் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். வீட்டில் இதை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை நான் சன்னலை வெறித்துக்கொண்டிருந்தேன். கதாநாயகன் ஹிஞ்சவடியில் வேலை பார்க்கும் தமிழன். டிசம்பர் மாலை ஒன்றில் அவனுடைய கம்பெனி பஸ் நெரிசலில் நிற்கிறது. நின்றுகொண்டே இருக்கிறது. பொறுமை இழந்து இறங்கினால், பண்டைய ரோமாபுரி. கால இயந்திரத்துக்கு இதைவிட நம்பத்தகுந்த ஏற்பாடு புனேயில் எனக்குத் தோன்றவில்லை. அங்கே இயேசு பிறப்பதற்கு முன்னாலேயே டிசம்பரில் வீடெல்லாம் பச்சைத் தழை. மெழுகுத்திரியும் களிமண் பொம்மையும் பரிசாகக் கைமாறுகின்றன. விழா நம்முடைய சனி பகவானின் ரோமானியப் பங்காளிக்கு. ஆனால் அங்கே அவருக்கு நல்ல பெயர். அந்த நாட்களில் எஜமானன் அடிமைக்குப் பரிமாறுகிறான். பின்னாளில் அங்கே டிசம்பர் இருபத்தைந்து சூரியனுக்கும் பண்டிகை; கிறிஸ்துமஸ் தேதியே அதிலிருந்து வந்தது என்பாருண்டு. இதையெல்லாம் முதலில் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டாவது அத்தியாயத்தில் ஊருக்கும் தூக்கிவாரிப் போட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

மகளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்றாலும் ஆபத்தை முழுதாகப் படித்துவிட்டாள். அவர்கள் வருவதற்கு முந்தைய நாள் என்னைப் பால்கனிக்கு அழைத்துப்போனாள்.

“அப்பா, ப்ளீஸ். ரோம் வேண்டாம், சூரியன் வேண்டாம், சனி வேண்டவே வேண்டாம். அவங்களுக்கு அது பண்டிகை. உங்களுக்கு அது அடிக்குறிப்பு.”

அடிக்குறிப்பு என்ற சொல் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்ற மகிழ்ச்சியில் வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்ததோடு நிற்கவில்லை. பிளாஸ்டிக் மரம் வாங்கி வந்தேன். பால்கனியில் நட்சத்திரம் கட்டினேன். கேம்ப் பகுதியில் ஒரு பேக்கரி வாசலில் வரிசையில் நின்று கேக் வாங்கினேன். மனைவி தன் பங்குக்கு மார்கழிக் கோலத்தின் நடுவில், பூசணிப்பூ வைக்க வேண்டிய இடத்தில், ஒரு வெள்ளி மணியை வைத்தாள்.

இத்தனையையும் தாண்டி வந்த மனிதர்தான் மரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மனைவி கேக்கை நீட்டினாள். அவர் தட்டை ஒற்றை விரலால் மேசையின் மறு ஓரத்துக்கு நகர்த்தினார். அவர் மனைவி கேக்கைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். பையன் முதலிலிருந்தே தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தப்பா நெனைக்காதீங்க,” என்றார் அவர். “எங்க சபையில கிறிஸ்மஸ் கெடையாது. வேதத்துல எங்கயும் இந்தத் தேதி இல்ல. இது ரோமாக்காரன் பண்டிகை. சூரியனைக் கும்பிட்டவன் வச்சது.”

என் இரண்டாவது அத்தியாயம் இன்னொருவர் வாயிலிருந்து வந்தது. உலகத்தில் எந்த எழுத்தாளனுக்கும் இப்படி ஒரு அதிர்ச்சி நேரக்கூடாது. அதைவிடப் பெரிய அதிர்ச்சி மகளின் முகத்தில் இருந்தது. அவள் பையனைப் பார்த்த பார்வையை மொழிபெயர்க்கத் தேவையில்லை. போன வருடம் அலுவலகத்தில் சிவப்புத் தொப்பியும் பஞ்சுத் தாடியும் வைத்துக்கொண்டு மிட்டாய் கொடுத்தவன் அவன்தான். அந்தப் புகைப்படம் எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டப்பட்டிருந்தது. மனைவி சத்தமில்லாமல் சமையலறைக்குள் போனாள். எதற்கு என்று எனக்குப் புரிந்தது.

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் தலையாட்டியிருப்பான். நானோ வாதாடினேன். அவ்வளவு உறுதியாகச் சொல்லிவிட முடியாது, தேதி விஷயத்தில் ஆய்வாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள், மரம் ரோமிலிருந்து நேராக வந்ததல்ல, ஜெர்மன் ஊர்களில் சில நூற்றாண்டுகளுக்கு முன்புதான் தலைகாட்டுகிறது என்றெல்லாம் அடுக்கினேன். விபூதி இட்ட நெற்றியோடு, ஒரு கிறிஸ்தவரிடம் கிறிஸ்துமஸுக்காக வக்காலத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்பது பாதியில்தான் எனக்கே உறைத்தது. மேசைக்கடியில் மகள் என் காலை மிதித்தாள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். நாவலைச் சொல்ல வேண்டியதாயிற்று. கொண்டு வரச் சொன்னார்.

அந்த அத்தியாயத்தை அதுவரை முழுதாகப் படித்தவர் யாரும் இல்லை. அவர் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு, பரீட்சைத் தாள் திருத்துகிறவரைப் போல வரி வரியாகப் படித்தார். ஒரு இடத்தில் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, ஒரு ஒற்றெழுத்தைப் போட்டார். எஜமானன் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு அடிமைக்குப் பரிமாறும் பக்கத்தில் அவர் கண் கொஞ்ச நேரம் நின்றது. எனக்கு உள்ளூரப் பெருமிதம் கிளம்பியது. மகளின் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருக்கும்போது என் நடை அவருக்குப் பிடித்திருக்கிறதா என்று யோசித்தேன். நான் அப்படிப்பட்டவன்தான்.

அவர் தாள்களை அடுக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“தெரியாம வச்சியன்னா ஒண்ணுமில்ல. இம்புட்டும் தெரிஞ்சிருந்துமா அந்த மரத்தை வச்சிய?”

அறியாமைக்கு மன்னிப்பு உண்டு; நானோ ஆதாரத்தோடு பிடிபட்டிருந்தேன், அதுவும் என் சொந்தக் கையெழுத்தில். சமையலறை வாசலிலிருந்து மனைவிதான் பேசினாள்.

“நீங்க வர்றீங்கன்னு வச்சோம். இதுக்கு முன்னாடி இந்த வீட்ல மரமே கிடையாது. கடைச் சீட்டு இன்னும் தொங்குது, திரும்பிப் பாருங்க.”

வந்ததிலிருந்து முதல் தடவையாக அவர் திரும்பி மரத்தைப் பார்த்தார். அடிக்கிளையில் கடைச் சீட்டு மின்விசிறிக் காற்றில் சுழன்றுகொண்டிருந்தது.

“எங்களுக்காவா?” என்றார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

பிறகு எழுந்து, மரத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. உடைக்கப்போகிறார் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். மறுபக்கத்தைப் பிடிக்கும்படி கண்ணைக் காட்டினார். இருவருமாக அதைத் தூக்கிப் பால்கனியில், துணி காயும் கொடிக்குக் கீழே வைத்தோம். கதவைச் சாத்திவிட்டு, கை கழுவ எந்தப் பக்கம் என்று கேட்டார்.

பையன் எழுந்து வழியைக் காட்டினான்.

சாம்பார், கூட்டு, அப்பளம், பாயசம். இரண்டாம் முறை ரசம் கேட்டார். நானே பரிமாறினேன். தோளில் துண்டு இருந்தது. நாவலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சமையலறையில் மனைவி திணித்தது. அவர் மட்டும் துண்டைப் பார்த்து லேசாகச் சிரித்தார். சமையலறைக்குள் அவர் மனைவி என் மனைவியை “மைனி” என்று அண்ணி முறை வைத்துக் கூப்பிட்டு, ரயிலில் பசித்தால் இருக்கட்டும் என்று கேக்கில் பெரிய துண்டாக ஒன்றைப் பொட்டலம் கட்டச் சொன்னதாகப் பிற்பாடு தெரியவந்தது.

புறப்படும்போது லிஃப்ட் வாசலில் என்னிடம், கதையில் அந்தப் பையன் ஊர் திரும்புவானா என்று கேட்டார். இன்னும் எழுதவில்லை என்றேன்.

“டிசம்பர் கழிஞ்சு கல்யாணத்துக்கு வரச் சொல்லுங்க,” என்றார். “இந்த ரோமாக்காரன் மாசத்துல நாங்க கல்யாணம் வைக்கமாட்டோம்.”

“மார்கழியில நாங்களும் வைக்கமாட்டோம்,” என்றாள் என் மனைவி.

லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது. அதன்பின் வீட்டில் முகூர்த்தப் பேச்சுதான். கதாநாயகன் இன்னும் ரோமாபுரியிலேயே நிற்கிறான்.