லைசன்ஸ் ஆபீஸ் வாசலில் கிடைத்த மாமா

லேமினேஷன் மெஷினில் பிளாஸ்டிக் சூடாகும் வாசனை இருக்கிறதே... அது மூக்கில் ஏறினால் இன்றும் கையிலிருக்கும் காகிதங்களை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வேன். நேற்று ஒரு ஜெராக்ஸ் கடையில் அப்படித்தான் ஆனது. அதனால்தான் இந்தப் பதிவு.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. ஸ்கூட்டி ஓட்டிக் காட்டும் டெஸ்டுக்காக பூதலூரிலிருந்து தஞ்சாவூர் லைசன்ஸ் ஆபீசுக்கு வந்திருந்தேன். அண்ணன் என்னையும் ஸ்கூட்டியையும் வாசலில் விட்டுவிட்டு உரக்கடைக்குப் போய்விட்டான்.

ஒரு விதை கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. ஊர் ஊராக வண்டியில் போய் விவசாயிகளைப் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை ஒரிஜினல் சர்டிஃபிகேட்டையும், டெஸ்டில் பாஸ் ஆனதற்கான சீட்டையும் காட்டினால்தான் சேர்த்துக்கொள்வார்கள். வீட்டில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கப் போவது நான்தான். பயத்தில் காலையிலிருந்து இட்லி இறங்கவில்லை.

எதிரே இருந்த கடையில் ஒரு டீ வாங்கினேன். டீ ஆற்றிய அக்கா பேச்சுக் கொடுத்தார்.

"எந்த ஊரும்மா?"

"பூதலூருக்கா."

"யாரு வீட்டுப் பொண்ணு?"

நம் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு அரைகுறையாகப் பதில் சொன்னால் திமிர் பிடித்தவள் என்பார்கள். அப்பா பெயர் அந்தோணி, வாய்க்கால் ஓரமாக வயல், வருஷா வருஷம் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்கு நடந்து போவது... ஒன்று விடாமல் ஒப்பித்தேன்.

"அம்மா நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்கக்கா."

அது மட்டும் பொய். அம்மா இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. யாரிடம் சொன்னாலும் கையைப் பிடித்துக்கொண்டு எப்படி, எப்போது என்று கேட்பார்கள். அழுதுகொண்டே போய் எட்டு போட முடியாது.

பத்து நிமிடம் ஆகியிருக்கும். கையில் டீ கிளாசோடு ஒருவர் என் ஸ்கூட்டியருகே வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா. வாசல் மரத்தடியில் லேமினேஷன் மெஷின் வைத்திருந்தவர்; அந்தச் சூட்டு வாசனை அவர் சட்டையிலும் அடித்தது.

"நீ பூதலூர் அந்தோணி அண்ணன் மவதானே? என்னத் தெரியலயா? உங்க அப்பாவும் நானும் வேளாங்கண்ணிக்கு ஒண்ணா நடந்தவங்கம்மா. மாமான்னே கூப்பிடு."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தெரியாத இடத்தில் ஒரு மாமா.

"மெடிக்கல் சர்டிஃபிகேட் வெச்சிருக்கியா? இல்லன்னா உள்ளயே விட மாட்டாங்க. ஃபைல இப்படிக் குடு, நான் பாத்துக்கறேன்."

கொடுத்துவிட்டேன். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி... அத்தனையும் ஒரிஜினல். எங்கள் வீட்டில் எல்லாக் காகிதமும் ஒரே ஃபைலில்தான் இருக்கும். எங்கே போனாலும் மொத்தமாகத் தூக்கிக்கொண்டு போவதுதான் பழக்கம்.

அப்போதுதான் லுங்கி கட்டிய ஒரு பெரியவர் மாமாவைத் தேடி வந்தார்.

"பாபநாசத்துலேருந்து மூணாவது தடவையா வர்றேங்க. ரேஷன் கார்ட மட்டுமாவது குடுத்துடுங்க. நான் அந்த மெடிக்கல் சர்டிஃபிகேட்ட கேக்கவே இல்லியே."

மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மீதிப் பணத்த எடுத்துட்டு வாங்க, தர்றேன்."

ஃபைலைத் திருப்பிக் கேட்டுவிடலாமா என்று தோன்றியது. ஆனாலும் அப்பாவோடு நடந்தவர் ஆயிற்றே என்று மனசு சமாதானம் சொன்னது. அவரே அதைக் கெடுத்தார்.

"போன ஞாயித்துக்கெழமகூட உங்க அம்மாவப் பூசையில பாத்தேன். கொஞ்சம் எளச்சுட்டாங்க."

அம்மா நல்லா இருப்பதாக நான் சொன்னது ஒரே ஒருவரிடம்தான். திரும்பிப் பார்த்தேன். எங்களையே பார்த்துக்கொண்டிருந்த டீக்கடை அக்கா சட்டென்று குனிந்து கிளாஸ் கழுவ ஆரம்பித்தார்.

கத்தியிருக்கலாம். ஆனால் ஃபைல் அவர் கையில். அவருடைய ஆட்கள் இரண்டு பேர் லேமினேஷன் மெஷினுக்குப் பின்னால் நின்றார்கள். அந்தக் காகிதங்கள் போனால் திங்கட்கிழமையும் போச்சு.

எங்கிருந்து அந்த யோசனை வந்ததென்று தெரியவில்லை. போனை எடுத்தேன். அதில் 'அம்மா' என்றே இருந்த எண்ணை அழுத்தினேன். அழிக்க மனசு வராமல் வைத்திருந்த எண்.

"அம்மா... மாமா இங்கதான் இருக்காரு. பேசும்மா" என்று சொல்லிவிட்டு போனை அவரிடம் நீட்டினேன். "ஒரு வார்த்த பேசுங்க மாமா. சந்தோஷப்படுவாங்க."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? ஒரு கையில் சூடான டீ, இன்னொரு கையில் என் ஃபைல். ஒரு நொடி தயங்கினார். பிறகு ஃபைலை ஸ்கூட்டி சீட்டில் வைத்துவிட்டு போனை வாங்கிக் காதில் வைத்தார்.

நான் ஃபைலை எடுத்து நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன்.

'நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை' என்ற குரல் எனக்கே கேட்டது. அவர் போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அம்மா செத்து ஒண்ணர வருஷமாச்சு மாமா" என்றேன். கோபமாகத்தான் சொல்ல நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்து தொலைத்தது.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். மெடிக்கல் சர்டிஃபிகேட்டை யாரும் கேட்கவே இல்லை. காலைத் தரையில் ஊன்றாமல் எட்டு போட்டேன்.

பாபநாசத்துப் பெரியவருக்கு ரேஷன் கார்டு கிடைத்ததா, தெரியாது. நான் நின்று பார்க்கவில்லை. அவருக்காக ஒரு வார்த்தை பேசவும் இல்லை. அது இன்றும் உறுத்துகிறது.

இப்போது அண்ணன் மகள் கட்டிலில் படுத்தபடியே போனில் எல்.எல்.ஆர் வாங்கிவிட்டாள். மாமாக்களும் மரத்தடியை விட்டு போனுக்குள் குடியேறிவிட்டார்கள். பஸ்ஸில் யாராவது ஊர் கேட்டால் "தஞ்சாவூர்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். திமிர் என்று நினைத்தால் நினைக்கட்டும்.

அம்மாவைப் பற்றிக் கேட்டால் மட்டும் இப்போது பொய் சொல்வதில்லை. இல்லை என்று சொல்லிவிடுகிறேன். கையைப் பிடித்துக்கொள்கிறார்கள்... பிடித்துக்கொள்ளட்டும்.

அந்த எண்ணை இன்னும் அழிக்கவில்லை. போன மாதம் தெரியாமல் விரல் பட்டுவிட்டது. அணைப்பதற்குள் ரிங் போனது. யாரோ எடுத்தார்கள்.

"யாருங்க பேசுறது?" என்று ஒரு ஆண்குரல்.

"பூதலூர் அந்தோணி மவங்க" என்றேன், என்னையும் அறியாமல்.

"ராங் நம்பர்மா" என்று தன்மையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.