செக்கிங் அன்று இரண்டு கவுன்

மாத்தூரைத் தாண்டி இருந்தது எங்கள் அகதி முகாம். அப்பா, அம்மா, சித்தப்பா எல்லோரும் இலங்கையிலிருந்து படகில் வந்தவர்கள். நானும் சித்தப்பா மகளான அக்காவும் ராயபுரத்து ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். எந்தக் கடலையும் தாண்டியதில்லை.

முகாமில் செக்கிங் நடக்கும். அதிகாரி நாற்காலி போட்டு உட்காருவார். குடும்பம் குடும்பமாகப் போய் முகம் காட்ட வேண்டும். காய்ச்சலோ கல்யாணமோ, ஆள் இல்லையென்றால் பதிவை வெட்டிவிடுவார்கள். பிறகு நாயாக அலைய வேண்டும்.

ஒரு செக்கிங் அன்றுதான் அக்காவுக்கு எம்.கே.பி. நகரில் கேரம் இறுதிப் போட்டி. அவளோடு ஜோடி சேர்ந்து ஆடும் வியாசர்பாடிக்காரி முந்தின நாளே வந்து கத்தினாள்.

"இன்னாமே, நீ வரலன்னா நான் யார்கூட ஆடுறது, செவுத்துகூடவா?"

அக்கா அழுதாள். சித்தப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். அவளுக்கும் எனக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம், ஒரே சாயல். முதலில் நான் எங்கள் வீட்டு ஆட்களோடு நிற்க வேண்டும். பிறகு பின்பக்கம் ஓடி, அக்காவின் கவுனை மாட்டிக்கொண்டு, இரட்டைப் பின்னலை ஒற்றையாக்கி, சித்தப்பாவோடு நிற்க வேண்டும்.

"உனக்கு விசரே? பிடிபட்டால் ரெண்டு குடும்பத்துக்கும் வெட்டு," என்றார் அப்பா. ஆனால் தடுக்கவில்லை.

இரண்டாம் முறை அதிகாரி என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அக்காவின் பெயரைச் சொன்னேன். அவள் வயதைச் சொன்னேன். அவள் வகுப்பைச் சொன்னேன்.

"எந்த நாடும்மா?"

இதை யாரும் சொல்லித்தரவில்லை.

"இந்தியா சார். ராயபுரத்துலதான் பொறந்தேன்."

சித்தப்பாவின் விரல்கள் என் தோளில் இறுகின. அதிகாரி இப்போதுதான் நிமிர்ந்தார். சிரித்தார்.

"நம்ம ஏரியா பொண்ணாட்டம் பேசுது பாரு. எங்க பொறந்தா இன்னாம்மா? நீ சிலோன். அடுத்த தபா கரெக்டா சொல்லணும், இன்னா?"

"சரி சார்."

சாயங்காலம் அக்கா கோப்பையோடு வந்தாள். சித்தப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு முகாமைச் சுற்றினார். அரசாங்கத்தையே ஏமாற்றிவிட்டதாக நினைத்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று நான் சொன்ன பெயர் பொய். வயது பொய். வகுப்பு பொய். எல்லாவற்றையும் அந்த ஆள் ஏற்றுக்கொண்டார். ஒரே ஒரு உண்மை சொன்னேன். அதைத்தான் திருத்தினார். நான் பெற்ற பிள்ளைகளை அதே வரிசையில் நிறுத்தும்வரை எனக்கு அது உறைக்கவே இல்லை.