சகலையும் நீலப் புகையும்

என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கையைக் கட்டியவன், வளைகுடாவில் எட்டு வருடம் கார் மெக்கானிக்காக இருந்துவிட்டுத் திரும்பிவந்து தக்கலையில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் திறந்தான். குடும்பத்தில் மூத்த மெக்கானிக் என்ற மரியாதைக்கு ரிப்பன் வெட்டியது நான்தான். வெட்டும்போது சிரித்தேன். போட்டோவிலும் சிரித்தபடிதான் இருக்கிறேன். வயிற்றெரிச்சல் போட்டோவில் விழாது என்பது பெரிய சௌகரியம்.

என் ஒர்க்‌ஷாப்பும் அதே சாலையில்தான், நடந்துபோகிற தூரம். தகரக் கூரை, எண்ணெய் குடித்துக் கறுத்த மண் தரை. அவனுடையதில் தரையெல்லாம் டைல்ஸ். வண்டியைத் தலைக்கு மேலே தூக்கி நிறுத்தும் லிஃப்ட். வண்டிக்காரர்கள் உட்கார ஏசி போட்ட கண்ணாடி அறை. பிறகு அந்த லேப்டாப். அதிலிருந்து ஒரு ஒயரை வண்டியில் சொருகினால் தனக்கு என்ன கேடு என்று வண்டியே சொல்லிவிடுமாம்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். நெய்யூரில் மாமனார் வீட்டில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இரண்டு குடும்பமும் அங்கே சாப்பிடப் போவோம். நான் உள்ளே நுழைந்தால் மாமனார் பேப்பருக்கு மேலாகக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, “வாங்க” என்பார். அவன் நுழைந்தால் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து நிற்பார். இருபது வருட மாப்பிள்ளைக்குக் கண்ணாடி மட்டும் எழும்பும், நேற்று வந்தவனுக்கு ஆளே எழும்புவார். இதை மனைவியிடம் ஒருமுறை சொன்னேன். “அப்பாவுக்கு முட்டுவலி, எழும்பி நிண்ணா நல்லதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு” என்றாள். அந்த முட்டுவலி எனக்காக ஒருநாளும் எழும்பியதில்லை.

எனக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று, புகை. பின்குழாயில் வருகிற புகையைப் பார்த்தே இன்ஜினுக்குள் என்ன கெட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். கறுப்பு என்றால் டீசலோ பெட்ரோலோ முழுதாக எரியவில்லை. வெள்ளை நின்று நிதானமாக வந்து, மூக்கில் ஒரு தித்திப்பும் ஏறினால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. நீலத்திலும் வகை உண்டு. மேட்டில் இழுக்கும்போது வந்தால் பிஸ்டன் ரிங், இறக்கத்தில் வந்து ஆக்சிலேட்டரை மிதித்ததும் ஒரு குப்பென்று வந்தால் வால்வு சீல். குழாய் வாயில் வெள்ளைத் துணியைப் பிடித்துப் பார்த்து, முகர்ந்து பார்த்துச் சொல்வேன். மார்த்தாண்டத்திலிருந்துகூட வருவார்கள். ‘புகையாசான்’ என்று பட்டப்பெயர். கேலிக்கு வைத்ததுதான், நான் அதை மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன். சகலை வந்த பிறகு லேப்டாப்பை நம்பிப் போனவர்கள் போக, அந்தப் பெயரை நம்பி வந்தவர்களால்தான் என் தகரக் கூரை நின்றது.

குலசேகரத்தில் ரப்பர் எஸ்டேட் வைத்திருந்த ஒரு குடும்பத்தின் ஜீப்புகள் எல்லாம் என்னிடம்தான் வரும். அந்த வீட்டு மகன் துபாயிலிருந்து திரும்பும்போது ஒரு ஸ்போர்ட்ஸ் காரைக் கப்பலில் கொண்டுவந்திருந்தான். தரையோடு தரையாகத் தவழ்கிற சிவப்பு வண்டி. டர்போ உள்ளது. வெளியேறுகிற புகையின் வேகத்திலேயே ஒரு சின்னச் சக்கரம் சுற்றி, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும். எண்ணெய் மாற்ற அந்த வண்டியை, “அப்பா உங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாரு, ஆசானே” என்று என் மண் தரையில் கொண்டுவந்து நிறுத்தினான்.

அன்று எனக்கு வந்த சந்தோஷத்தில் பாதிக்கு மேல் சகலை முகத்தை நினைத்து வந்தது. எண்ணெயை மாற்றி, ஓட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லி அவன் கடை வாசல் வழியாக நத்தை மாதிரி ஊர்ந்து போனேன். தேவையே இல்லாமல் ஹாரனும் அடித்தேன். அவன் வெளியே வந்து, “சூப்பர் வண்டி அண்ணே!” என்று கையாட்டினான். பொறாமைப்படக்கூடத் தெரியாதவன் என்று எனக்கு எரிச்சலாகிவிட்டது.

எண்ணெய் விஷயத்தில் எங்கள் பக்கத்து மலை ஜீப்புகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. பழைய இன்ஜின்கள், பாரத்தோடு மேடு ஏறி ஏறி எண்ணெயைக் குடித்துவிடும். அடுத்த சர்வீசுக்கு இறங்கி வருவதற்குள் வற்றிப்போகும். அதனால் டிரைவர்களே, “கோட்டுக்கு மேல ஒரு விரல் கூட்டி ஊத்துங்க” என்பார்கள். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியில் மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை. வருடக்கணக்காக ஊற்றி ஊற்றி, எந்த வண்டி வந்தாலும் என் கை தானாக அப்படியே ஊற்றும். சிவப்பு வண்டிக்கும் ஊற்றியது. பெரிய இடத்து வண்டி, என்னைத் தேடி வந்த வண்டி என்று பிரியத்தில் இன்னும் கொஞ்சம் கூடவே.

ஒரு வாரத்தில் எஸ்டேட் மகன் திரும்பி வந்தான். வண்டி நிற்க, இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் நீலமாய்ப் புகை, சாம்பிராணி போட்ட மாதிரி. எதிர்ச் சாயாக்கடையில் இருந்தவர்கள்கூட எழுந்து வந்து பார்த்தார்கள். நான் துணியைப் பிடித்தேன், எண்ணெய்ப் பொட்டுகள் விழுந்தன.

“ரிங் போச்சு. இன்ஜின எறக்கிப் பிரிக்கணும்” என்றேன்.

“ஆசானே, புதுசா எண்ண மாத்தின பொறவுதானே பொகையுது?”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. துபாய்ல ஓடுன ஓட்டமாக்கும்.”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சொன்ன மாத்திரத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. ரிங் போயிருந்தால் இழுக்கும்போதுதான் கூடுதல் புகைய வேண்டும். இது சும்மா நிற்கும்போது புகைந்தது, ஓடினால் குறைந்தது. ஆனால் பத்துப் பேர் முன்னால் வாயைத் திறந்துவிட்டேன். அளவுக் கம்பியை உருவிப் பார்க்கவும் இல்லை. நான் ஊற்றிய எண்ணெயை நானே எதற்குப் பார்க்க வேண்டும் என்ற திமிர்.

அவன், “அப்பாட்ட கேட்டுட்டு வாறேன்” என்று போனான். வண்டி நேராகச் சகலை கடைக்குள் திரும்புவதை என் வாசலில் நின்றே பார்த்தேன்.

கால்மணி நேரம் தாங்கினேன். அப்புறம் பதினேழாம் நம்பர் ஸ்பானர் இரவல் வாங்குகிற சாக்கில் கிளம்பினேன். என்னிடம் அது மூன்று இருந்தது. லேப்டாப் ஏதாவது உளற வேண்டும், அவனும் இன்ஜினைப் பிரித்துவைத்துக்கொண்டு முழிக்க வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே போனேன்.

அவன் லேப்டாப்பைத் தொடவே இல்லை. நான் உள்ளே நுழையும்போது அளவுக் கம்பியை உருவித் துடைத்துக்கொண்டிருந்தான். மறுபடி விட்டு உருவினான். கோட்டைத் தாண்டி வெகுதூரம் எண்ணெய் பளபளத்தது. கம்பியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். எனக்கு அந்த நொடியிலேயே விளங்கிவிட்டது. டர்போவுக்குப் போன எண்ணெய் தானாக வடிந்து இன்ஜினின் அடித்தொட்டிக்கு இறங்க வேண்டும். தொட்டி நிரம்பிக் கிடந்தால் எப்படி இறங்கும்? டர்போவின் எண்ணெய் சீலைத் தாண்டிப் புகைக்குழாய்க்குள் போய் எரியும். ரிங்கும் போகவில்லை, ஒன்றும் போகவில்லை. புகையாசான் ஊற்றியதுதான் புகைகிறது.

பக்கத்தில் நின்ற எஸ்டேட் மகன், “என்னவாக்கும்?” என்றான். சகலை ஒரு வார்த்தை சொன்னால் சாயங்காலத்துக்குள் குலசேகரம் முழுக்கத் தெரிந்துவிடும்.

“ஒண்ணுமில்ல, எண்ண எறங்குற வழியில ஒரு தடை. நீங்க உள்ள இருந்து சாயா குடிங்க” என்று அவனைக் கண்ணாடி அறைக்கு அனுப்பினான் சகலை. வண்டியைத் தூக்கி, அடியில் நட்டைத் தளர்த்தி, கூடுதலாகக் கிடந்ததை ஒரு கேனில் வடித்தான். கிட்டத்தட்ட ஒரு லிட்டர். கேனை மூடி என் கையில் தந்தான்.

“புது எண்ண அண்ணே, வீணாக்க வேண்டாம். ஜீப்புக்கு ஊத்திக்கிடலாம்” என்றான், மெதுவாக. அதில் குத்தல் இருக்கிறதா என்று தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை. இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

பிறகு எஸ்டேட் மகனைக் கூப்பிட்டுச் சொன்னான்: “குழாய்க்குள்ள கெடக்குறது எரிஞ்சு தீர ரெண்டு நாளு ஆவும், பயப்படாதீங்க. ரிங்கு இல்ல. அண்ணன்தான் மனசு கேக்காம முன்னமே போன் செய்து சொன்னாரு, நிண்ணு ஓடும்போ மட்டும் பொகையுது, வழியில தடை இருக்கான்னு பாருன்னு. நான் தனியா பாத்திருந்தா நேரே பிரிச்சிருப்பேன்.”

அந்தப் பையன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். “நான் உங்கள நம்பாமப் போயிட்டேன் ஆசானே, மன்னிச்சுக்கிடணும்.” ஒரு கையில் கேன் இருந்ததால் அதையும் சேர்த்துப் பிடித்தான். நான், “அதனால என்ன மக்கா” என்றேன். இல்லை என்று சொல்ல எனக்கு அவ்வளவு நேரமும் இருந்தது. சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தால் மனைவி வாசலிலேயே நின்றாள். “தங்கச்சி போன் செய்தா. அவளுக்க மாப்பிளைக்கே தெரியாதத நீங்க கண்டுபிடிச்சியளாமே?” கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. “ஆமா” என்றேன். அன்று மீனில் நடுத்துண்டு இரண்டும் எனக்குத்தான் விழுந்தது. ரெண்டையும் சாப்பிட்டேன்.

அவன் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருக்கலாம். டைல்ஸ், லிஃப்ட், லேப்டாப் என்று நான் பொறாமைப்பட வெளியே கிடந்தவை போதாதென்று, அவன் மனதுக்குள் இருப்பதையும் பார்த்துப் பொறாமைப்படும்படி ஆக்கிவிட்டான். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் கம்பியை உயரத் தூக்கிச் சாயாக்கடைக்கே காட்டியிருப்பேன். இது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரிந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு நெய்யூர் போனோம். எங்களுக்கு முன்பே அவன் வந்து மாமனார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நான் உள்ளே கால் வைத்ததும் மாமனார் பேப்பரை மடித்து வைத்தார். கைகளை முட்டில் ஊன்றி, மெல்ல எழுந்து நின்றார். “வாங்க, வாங்க. கேள்விப்பட்டேன்” என்றார்.

இத்தனை வருடமாக நான் ஏங்கியது அதற்குத்தான். அவரைப் பார்த்துக் கும்பிட்டேன். கண்ணைத் திருப்பியபோது, சகலையும் எழுந்து நின்றுகொண்டிருந்தான்.