என் கதையில் நான் விட்டுவிட்ட ஒருவர்

இது நடந்து இன்னும் இரண்டு வருடம் முழுதாக ஆகவில்லை. நடந்த இடம், விழுப்புரத்தில் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையம். ஒரு புதன்கிழமை, பகல் ஒரு மணி இருக்கும். ஆனால் அதைச் சொல்வதற்கு அதற்கு ஆறேழு மாதம் முன்னால் போக வேண்டும்.

எனக்கு வீடு திண்டிவனத்தில். தினமும் காலையில் பஸ் பிடித்து விழுப்புரம் போவேன். கூட்டேரிப்பட்டில் பாதிக் கூட்டம் இறங்கிவிடும், உட்கார இடம் கிடைக்கும். அங்கிருந்து விழுப்புரம் வரை மடியில் நோட்டை வைத்துக்கொண்டு எழுதுவேன். சிறுகதைகள்தான். பத்து வருடமாக இப்படி எழுதி, நாலைந்து கதைகள் சிறு பத்திரிகைகளில் வந்திருந்தன.

நான் பிறந்ததிலிருந்தே கிறிஸ்தவச் சபைப் பிள்ளை. அதனால் என் கதைகளில் யாருக்காவது கஷ்டம் வந்தால், கடைசியில் அவர்கள் முழங்கால் போட்டு ஜெபிப்பார்கள், எல்லாம் சரியாகிவிடும். விழுப்புரத்தில் மாதம் ஒருமுறை கூடும் வாசகர் கூட்டத்தில் ஒரு மூத்த எழுத்தாளர் என் கதையைப் படித்துவிட்டு, "கடைசிப் பக்கத்துல எப்பவும் ஒரு பிரசங்கி வந்து நின்னுடறாரும்மா. அவரு வந்ததும் உங்க ஆளுங்க எல்லாம் எழுந்து போயிடறாங்க" என்றார். ஒரு வாரம் கோபமாக இருந்தது. பிறகு பழைய கதைகளை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. அன்று ஒரு முடிவு எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை கோவில் தனி, பஸ்ஸில் எழுதும் கதை தனி. இனிமேல் கதைக்குள் ஆண்டவரைக் கொண்டுவரப் போவதில்லை.

அந்தச் சமயத்தில்தான் விழுப்புரத்தில் பல ஊர்ச் சபைப் பெண்கள் சேர்ந்து ஒரு கூடுகை நடத்தினோம். ஆண்டவர் தங்களுக்குச் செய்ததை எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தில் முகையூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் எழுந்து நின்றார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். கூலி வேலை செய்பவர். பெருமழையில் ஆற்றுத் தண்ணீர் ஊருக்குள் வந்த அன்று காலை, எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு ஓடிய பிறகு, நிறைமாதமாக இருந்த தன் ஓரகத்தி, அதாவது கணவருடைய தம்பி மனைவி, வராததைப் பார்த்துத் திரும்பிப் போயிருக்கிறார். அவளை அழைத்து வரும் வழியில் தண்ணீர் மார்பு வரை ஏறிவிட்டது. தெரு முனையில் இருந்த அடிபம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருவரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றிருக்கிறார்கள். "ஜெபம் பண்ணேன். கர்த்தர் காப்பாத்துனாரு, ஸ்தோத்திரம்" என்று முடித்துவிட்டு உட்கார்ந்தார். மொத்தம் மூன்று நிமிடம் பேசியிருப்பார்.

எனக்கு அந்த அடிபம்பு மனதை விட்டுப் போகவில்லை. மறுநாளே பஸ்ஸில் எழுத ஆரம்பித்தேன். பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், அது போதும் என்று நினைத்துக்கொண்டேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. ஜெபத்தை எடுத்துவிட்டேன். என் கதையில் அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்க்கிறாள். 'வானம் வெறுமையாக இருந்தது' என்று முடித்தேன். அந்த வரி வந்து விழுந்தபோது பஸ்ஸிலேயே எனக்குப் புல்லரித்தது.

கதை வெளிவந்தது. வாசகர் கூட்டத்தில் பாராட்டினார்கள். அந்த மூத்த எழுத்தாளர்கூட, "பிரசங்கி போயிட்டாரு" என்று சிரித்தார். எனக்குக் கால் தரையில் படவில்லை. எங்கள் சபை ஆயரம்மாவிடமும், அதாவது போதகரின் மனைவியிடமும், பத்திரிகையைக் காட்டினேன். அவர் அதைப் படித்தாரோ இல்லையோ, பெருமையாகப் பக்கங்களைப் படம் எடுத்து எல்லாப் பெண்கள் குழுவுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து ஒரு போன். முகையூர் பக்கத்திலிருந்து பேசுகிறதாம், நர்சிங் படிக்கும் பெண்ணாம். "அந்தக் கதையை நான்தான் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். அம்மா உங்களை நேர்ல பாக்கணும்ங்கறாங்க. நீங்க எங்க வேலை செய்றீங்க?" என்று கேட்டது. இடத்தைச் சொன்னேன். அன்றிலிருந்து நிலையத்தின் கண்ணாடிக் கதவு திறக்கும் போதெல்லாம் திரும்பிப் பார்த்தேன். ஊரைக் கூட்டி வருவாரோ, சண்டை போடுவாரோ, போதகரிடம் சொல்லுவாரோ என்று என்னென்னவோ நினைத்தேன்.

அந்தப் புதன்கிழமை அவர் தனியாகத்தான் வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. நான் யாருக்கோ ஊசி போட்டு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். வரிசையில் போய் உட்கார்ந்தார். கூட்டம் குறையும் வரை காத்திருந்தார். பிறகு நான் அவரை உள்ளே சாப்பாட்டு அறைக்கு அழைத்துப் போனேன். உட்கார்ந்ததும் பையிலிருந்து அவித்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, எடுத்து மேசையில் வைத்தார். "துன்னுங்கக்கா, காலைலதான் வேக வச்சது" என்றார். நான் ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"கேக்காம எழுதிட்டேன். தப்புதான்" என்று நானே ஆரம்பித்தேன்.

"அதுக்கு இன்னாக்கா, ஊருக்கே சாட்சி சொன்னதுதான. நாலு பேரு படிச்சா படிக்கட்டும்" என்றார். கொஞ்ச நேரம் மல்லாட்டைத் தோலை உரித்துக்கொண்டிருந்தார். "ஒண்ணே ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். வானம் வெறுமையா இருந்துச்சுன்னு எழுதிக்கிறீங்களே, நீங்க எங்கக்கா பாத்தீங்க?"

கையிலிருந்த மல்லாட்டையை மேசையில் வைத்தேன்.

"எம் பொண்ணு படிச்சுக்கினே வருது. தண்ணி வருது, பம்பு வருது, நான் நிக்கிறேன். எல்லாம் கரெக்டா இருக்குது. ஆனா அவரு எங்கன்னு பாத்தா காணோம். மறுக்கா படிக்கச் சொன்னேன். அப்பவும் இல்ல. அவரு இல்லன்னா நான் யார்கூடக்கா அம்மாம் நேரம் பேசிக்கினு நின்னேன்?"

குரலில் கோபமே இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வந்தவர் போலக் கேட்டார். கதைக்குள் ஜெபம் வந்தால் பிரசங்கம் மாதிரி ஆகிவிடுகிறது, அதனால்தான் எடுத்தேன் என்று ஏதோ விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நான் எங்கக்கா ஜெபம் பண்ணேன்? சபையில நின்னுக்கினு வேற எப்பிடிச் சொல்றது? ஜெபம்னு சொல்லிட்டேன். நான் அவரைத் திட்டிக்கினு நின்னேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவருடைய ஊருக்குப் போனேன். பக்கத்துப் பக்கத்து வீடுகள். ஓரகத்தியும் இருந்தார், இடுப்பில் அந்தக் குழந்தை. வேப்ப மர நிழலில் பாய் போட்டு உட்கார்ந்தோம். அங்கேதான் மூன்று நிமிடச் சாட்சியில் இல்லாத எல்லாமும் வெளியே வந்தன.

இரண்டு பேரும் மூன்று வருடமாகப் பேசிக்கொள்ளவில்லை. ஒரு வீட்டுச் சாக்கடைத் தண்ணீர் இன்னொரு வீட்டு வாசலில் தேங்கியதில் வந்த சண்டை. ஆண்கள் இருவரும் அன்று புதுச்சேரியில் கட்டட வேலையில் இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் தலைகளை எண்ணிப் பார்த்தவர், ஓரகத்தி இல்லை என்றதும் முதலில் 'கிடக்கட்டும்' என்றுதான் நினைத்தாராம். "ரெண்டு நிமிஷம் அப்பிடியே உக்காந்துக்கினு இருந்தேன். மறைக்கல. அப்பறம் முடியல, எழுந்து போயிட்டேன்" என்றார். போனால், கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த ஓரகத்தி, கூப்பிட வந்தவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம்.

"பின்ன? இவங்க கூப்ட்டா வந்துடுவனா?" என்றார் ஓரகத்தி இப்போதும்.

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். பம்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது தண்ணீர் ஏற ஏற இவருக்குப் பயம் போய்க் கோபம் வந்துவிட்டது. "உனக்குக் கண்ணு இருக்குதா இல்லியா? வயித்துப் புள்ளக்காரிய இப்பிடி நிறுத்தி வச்சிட்டு இன்னா வேடிக்கை பாக்கற? ஞாயித்துக்கெழம தவறாம வந்தேனே, அதுக்கா?" என்று சத்தம் போட்டு ஆண்டவரைத் திட்டியிருக்கிறார். பேசாமல் நின்ற ஓரகத்தி மூன்று வருடத்துக்குப் பிறகு அப்போதுதான் வாயைத் திறந்தாளாம்.

"அவரை ஏன் திட்டற? திட்டறதுன்னா என்னைத் திட்டு. நான்தான வீம்புக்கு உக்காந்துக்கினு இருந்தேன்."

இதைச் சொல்லும்போது இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் குழந்தை மிரண்டு அழுதது. அதன்பிறகு ஊர் இளைஞர்கள் கயிறு கட்டிக்கொண்டு வரும் வரை இருவரும் ஒருவரை ஒருவர் திட்டியும், நடுநடுவே ஆண்டவரைத் திட்டியும், அவரிடமே கெஞ்சியும் நின்றிருக்கிறார்கள். மூன்று வாரம் கழித்துக் குழந்தை பிறந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நோட்டைத் திறக்கவில்லை. வெட்கமாக இருந்தது. என் பழைய கதைகளில் ஜெபம் என்று எழுதிவைத்ததும் இது இல்லை. புதிய கதையில் மௌனம் என்று எழுதிவைத்ததும் இது இல்லை. முன்னால் சபைக்கு எது பிடிக்கும் என்று பார்த்து எழுதினேன், பின்னால் வாசகர் கூட்டத்துக்கு எது பிடிக்கும் என்று பார்த்து எழுதினேன். கஷ்டத்தில் நின்றவளை இரண்டு தடவையும் நான் கேட்கவே இல்லை.

கதையை முதலிலிருந்து எழுத இரண்டு மாதம் ஆனது. எழுதியதை அதே வேப்ப மர நிழலில் இருவருக்கும் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் நிறுத்தித் திருத்தினார்கள். இருவரில் பெரியவர், அதாவது சாட்சி சொன்னவர், அன்று கட்டியிருந்த புடவை பச்சை இல்லையாம், நீலமாம். ஓரகத்தி அழவே இல்லையாம், நான் அழ வைத்திருந்தேன். திருத்திக்கொண்டேன். "இப்ப சரியா இருக்குது" என்றார் பெரியவர். அந்த மூத்த எழுத்தாளரிடமும் கொடுத்தேன். ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு, "எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது, உங்களுக்கே தெரியும். ஆனா அந்தம்மா யார்கிட்டயோ பேசறாங்கன்னு நம்பறேன்" என்று சொல்லித் திருப்பித் தந்தார். எனக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

போன வருடம் திண்டிவனத்தில் எங்கள் சபையில் பெண்கள் பண்டிகை நடந்தது. அந்த இருவரையும் அழைத்திருந்தோம், குழந்தையோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆயரம்மா என்னைக் கதையை வாசிக்கச் சொன்னார். வாசித்து முடித்தேன். பிறகு கமிட்டியில் இருக்கும் ஒரு மூத்த அம்மா எழுந்தார்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா ஆண்டவரைத் திட்டற இடம் மட்டும் வேணாமே. பிள்ளைங்கல்லாம் கேக்குதுங்க இல்ல" என்றார்.

முன்பு என்றால் நான் அங்கேயே பேனாவை எடுத்து அந்த இடத்தை அடித்திருப்பேன். இந்தத் தடவை பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பெரியவர் எழுந்து நின்றிருந்தார்.

"அப்பிடித்தாம்மா பேசுனேன். இவங்களா எழுதல. கேட்டுக்கினு இருந்தவரே கோச்சிக்கல, நம்மளுக்கு இன்னா?"

முதலில் ஓரகத்திதான் சிரித்தார். பிறகு கூடமே சிரித்தது. அந்த மூத்த அம்மாவும் தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டே, "சரி, சரி, இருக்கட்டும்" என்று உட்கார்ந்தார். அன்று மதியச் சாப்பாட்டில் அவர் அந்த இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து அந்த மழை நாளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

இப்போதும் பஸ்ஸில்தான் எழுதுகிறேன், ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கும் போகிறேன். இரண்டும் தனித்தனி என்று முன்போல் நினைப்பதில்லை. யாருடைய வாழ்க்கையையாவது எழுத உட்கார்ந்தால், அந்த நேரத்தில் அவர்களோடு யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் அவர்களிடமே கேட்டுக்கொள்கிறேன், அவர்கள் சொல்கிற ஒருவரையும் என் வசதிக்காக வெளியே அனுப்புவதில்லை.